நம் மகள் வாங்கிய முதல் துப்பாக்கி

என் பிரியமுள்ள என்னங்க,

உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை. செத்துப்போனவரிடம் புதுப்பழக்கம் எதற்கு? வீட்டில் கூப்பிட்டது போலவே கூப்பிடுகிறேன்.

சைகோனில் மழை தொடங்கிவிட்டது. மார்க்கெட்டுக்குப் பின்னால் அதே இரண்டாவது மாடியில்தான் இருக்கிறேன். நீங்கள் வேலை பார்த்த வேட்டைச் சாமான் கடை இருந்த இடத்தில் இப்போது கைப்பேசி விற்கிறார்கள். முழங்கால் வலி. படியிறங்குவதே வாரத்தில் இரண்டு தடவைதான்.

செய்தி ஒன்று இருக்கிறது. நம் வசந்தி துப்பாக்கி வாங்கியிருக்கிறாள்.

பதறாதீர்கள். அவள் இங்கே இல்லை. நீங்கள் செத்துப்போன நாலாம் வருஷம் புருஷனோடு வுங் டாவ் பக்கமிருந்து படகேறிப் போனவள், இப்போது ஆஸ்திரேலியாவில் ஆடு வளர்க்கிறாள், காய்கறி போடுகிறாள். அங்கே வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதி, உரிமம் வாங்கி, பூட்டி வைக்க இரும்புப்பெட்டியும் சுவரில் அடித்துவிட்டால் துப்பாக்கி வாங்கலாமாம். ஈன்ற ஈரம் காயாத ஆட்டுக்குட்டிகளை நரி வந்து தூக்கிக்கொண்டு போகிறது. மான்கள் மலையிலிருந்து கூட்டமாக இறங்கிக் கீரைப்பாத்தியை மேய்ந்துவிட்டுப் போகின்றன. மாப்பிள்ளை பெயர் மின், இந்த ஊர்க்காரர்; அவருக்குத் தொழிற்சாலை வேலை. ஆகவே உரிமம் இவள் பெயரில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூப்பிட்டாள்.

"மா, அப்பா இருந்தா எதை வாங்கச் சொல்லியிருப்பாரு?"

"என்னைப் போய்க் கேக்குறியே. நான் என்ன துப்பாக்கி வித்தவளா?"

"நீதானே தினம் சோறு கொண்டுபோய் அங்கயே உக்காந்திருப்ப."

உண்மைதான். நீங்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை அந்த முக்காலியில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் நீங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். பியன் ஹோவாவிலிருந்து பள்ளி ஆசிரியர் ஒருவர் வந்தது ஞாபகம் இருக்கிறதா? வாழ்க்கையில் முதல் துப்பாக்கி. கடையிலேயே பெரியதைக் காட்டி அதுதான் வேண்டும் என்றார். கடை முதலாளி முசியே உள்ளே உட்கார்ந்து விற்றுவிடு என்று கண் காட்டுகிறார். நீங்களோ, இது தோளில் உதைக்கிற உதையில் இரண்டாவது குண்டுக்கே கண்ணை மூடிக்கொள்வீர்கள், கண்ணை மூடிச் சுட்டால் காலுடைந்த மான் காட்டுக்குள் கிடந்து சாகும் என்று சொல்லிவிட்டீர்கள். அன்று முசியேயிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டீர்கள்.

அதையெல்லாம் மகளுக்குச் சொன்னேன். அவளூர்க் கடையில் மூன்றைக் காட்டியிருந்தார்கள். குண்டின் அளவுதான் ஒவ்வொன்றுக்கும் பெயர். இருபத்திரண்டு மிக மலிவு. "வேணாண்டி, அது முயலுக்கு. மானுக்கு அதால வலியைத்தான் கொடுக்க முடியும்" என்றேன். இன்னொன்று முந்நூற்றெட்டு, மானுக்கு நல்லது, ஆனால் நரிக்கு அதிகம், அவள் தோளுக்கும் அதிகம். மூன்றாவது இருநூற்று நாற்பத்து மூன்று. நீங்கள் சொல்வீர்களே, நரியும் மானும் இரண்டும் வேண்டுமென்றால் நடுவில் நில்லுங்கள் என்று. அதேதான். நரிக்கு லேசான குண்டு, மானுக்குக் கனமான குண்டு, துப்பாக்கி ஒன்றே.

"அதுலயும் ரெண்டு இருக்கு மா. புதுசு, மரமெல்லாம் பளபளன்னு. இன்னொண்ணு யாரோ வச்சிருந்தது, கீறலா கெடக்கு, விலை பாதிதான்."

"பழசையே பாரு. கட்டையில கீறல் இருந்தா என்ன? குழாயை வெளிச்சத்துல நீட்டி உள்ள பாரு. வழவழன்னு சுருள் தெரியணும், குழி, துரு இருக்கக் கூடாது. மிச்சமாகுற பணத்தை குறிபாக்க மேல மாட்டுற கண்ணாடிக்குப் போடு. எடுத்துத் தோள்ல வைக்கும்போது கண்ணை மூடிக்கிட்டு வை. தொறந்தா பார்வை நேரா கண்ணாடிக்குள்ள போகணும். கழுத்தை வளைச்சுத் தேடவேண்டியிருந்தா அது உனக்குப் பொருந்தலை."

என் குரலில் நீங்கள் பேசிக்கொண்டிருந்தீர்கள். எனக்கே சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

"மா, கடைக்காரன் எடுத்து நீட்டினான். என்னால வாங்க முடியலை. கையைப் பின்னால கட்டிக்கிட்டேன். இந்த விரலாலதானே மா காட்டினேன்."

நான் ஏதோ பேச்சை மாற்றி ஃபோனை வைத்துவிட்டேன்.

எதைச் சொல்கிறாள் என்று உங்களுக்குத் தெரியும். இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எழுபத்தைந்தில் சைகோன் கம்யூனிஸ்டுகளிடம் விழுந்த பிறகு ஆயுதங்களை ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. கடையிலிருந்த அத்தனையையும் பட்டியலோடு நீங்களே கொண்டுபோய்க் கொடுத்தீர்கள். உங்களுடையதை மட்டும் கொடுக்கவில்லை. கட்டை விரிசல் விட்டதென்று முசியே கழித்த துப்பாக்கி, சீனர்கள் இருக்கும் சோலோனில் ஒரு தச்சரிடம் பித்தளைக் கம்பி சுற்றி வாங்கியது. மழைக்கோட்டில் சுருட்டிப் பரணில் வைத்தீர்கள். நான் கெஞ்சினேன். "இது சண்டைக்கு வாங்கினதில்லடி, மானுக்கு வாங்கினது" என்றீர்கள். யாரிடம் போய் அதைச் சொல்வது?

இரண்டு வாரத்தில் ஒரு மத்தியானம் புது அரசாங்கத்து ஆட்கள் வந்தார்கள். வசந்திக்கு ஒன்பது வயது. அவர்களில் ஒருவர் குனிந்து, வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா கண்ணு என்று கேட்டார். அவள் "யா" என்று, இந்த ஊர்ப் பாஷையில் ஆமாங்க என்று, மரியாதையாகச் சொல்லிப் பரணைக் காட்டினாள். பத்து நாள் அரசியல் வகுப்பு என்று சொல்லி உங்களை முகாமுக்குக் கூட்டிப்போனார்கள். மூன்று வருஷம் ஆயிற்று நீங்கள் வர. வந்தபோது காய்ச்சலும் இருமலும்தான் உங்களோடு வந்தன. அவள் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். நீங்கள் கூப்பிட்டும் வரவில்லை. வெட்கப்படுகிறாள் என்று நான் சொன்னேன். இரண்டு வருஷத்தில் நீங்களும் போய்விட்டீர்கள்.

பெற்ற பிள்ளையே காட்டிக்கொடுத்துவிட்டது என்று சொந்த ஊரான காரைக்காலில் உங்கள் அக்கா ஊரெல்லாம் சொன்னார்கள். எனக்கும் அப்படியே எழுதினார்கள். படித்தேன், மடித்து வைத்தேன். பதில் எழுதவில்லை.

இனி எழுதப்போவதை ஒரே மூச்சில் எழுதிவிடுகிறேன். அவர்கள் நம் வீட்டுக்கு வரும் முன்பே பரணில் இருப்பது அவர்களுக்குத் தெரியும். சொன்னவள் நான்.

எதிர்வீட்டுக் குடும்பத்தைச் சாமான் செட்டோடு லாரியில் ஏற்றிக் காட்டை வெட்டிக் குடியேறச் சொல்லி அனுப்பினார்களே, அதைப் பார்த்துப் பயந்து, மறுநாள் காலை கட்சியின் பெண்கள் குழுத் தலைவியிடம் போனேன். தானாக வந்து சொன்னதால் தண்டனை கிடையாது, நாலு நல்ல வார்த்தை சொல்லி அனுப்பிவிடுவோம் என்றாள். நம்பினேன். நம்ப வேண்டும் என்றிருந்தது. உங்களிடம் சொல்லாமல் சோறு வடித்தேன். நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் அவர்கள் படியேறி வந்தார்கள்.

அந்தக் குழந்தையிடம் ஏன் கேட்டார்கள்? சோதித்துப் பார்க்கவா? தெரியவில்லை. ஆனால் அவள் விரல் நீண்டபோது எனக்குள் ஏற்பட்டது நிம்மதி. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

உங்களுக்குத் தெரியுமா? முகாமில் யாராவது சொன்னார்களா? ஒருநாள் இருமலுக்கு நடுவில் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். ஏதோ கேட்கப்போகிறீர்கள் என்று எழுந்து கஞ்சி எடுக்கப் போய்விட்டேன்.

வசந்தி அடுத்த ஞாயிறும் கூப்பிட்டாள். பழையதைப் பார்த்தாளாம், குழாய் சுத்தமாக இருக்கிறதாம், ஆனால் இன்னும் தொட முடியவில்லையாம். "மின்னையே எடுக்கச் சொல்லிடவா மா?" என்றாள். நாற்பது வயதுக்காரியின் குரல் இல்லை அது. அப்போதுதான் சொன்னேன்.

அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"அத்தை லெட்டர் போட்டப்பவும் உனக்குத் தெரியும்?"

"தெரியும்."

"நான் சாப்பிடாம கெடந்தப்ப?"

"தெரியும்டி."

வைத்துவிட்டாள்.

ஐந்து ஞாயிறு போயிற்று. மாப்பிள்ளைதான் ஒரு தடவை பேசினார். அந்தக் கீறல் விழுந்ததையே வாங்கிவிட்டாளாம். கடைக்காரர் கையிலிருந்து தானே எடுத்தாளாம். தோட்டத்தில் காகிதம் ஒட்டிப் பல நாள் பழகிய பிறகு நரி ஒன்றைச் சுட்டாளாம், ஒரே குண்டு. சுட்டுவிட்டு வேலியோரம் உட்கார்ந்து அழுதாளாம். என்னைப் பற்றி எதுவும் சொன்னாளா என்று கேட்டேன். "இல்லைங்க மா" என்றார்.

நேற்று முன்தினம் அவளே கூப்பிட்டாள். எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை.

"அப்பாகிட்ட சொன்னியா?"

"செத்தவர்கிட்ட எப்படிடி சொல்றது?"

"எழுது. எல்லாரும் படிக்கிற மாதிரி எழுது. என் பேரை எல்லாரும் சொன்னாங்கள்ல? எழுதிட்டு அப்புறம் எனக்குப் பேசு."

அதனால்தான் இந்தக் கடிதம். உங்கள் நினைவு நாளுக்குக் காரைக்கால் பத்திரிகைக்கு உங்கள் படத்தோடு அனுப்புகிறேன். படத்துக்குக் கீழே நாலு வரி போதும் என்பார்கள். நாலு வரியில் அடங்குகிற காரியமா நான் செய்தது?

அவள் என்னை மன்னிப்பாளா, தெரியவில்லை. கேட்கவும் மாட்டேன். நீங்கள் மன்னித்திருப்பீர்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். அதை நீங்கள்தானே சொல்ல வேண்டும், நீங்கள்தான் இல்லையே.

ஒன்று மட்டும் வாக்குக் கொடுக்கிறேன். அச்சில் வந்தால் போதாது. உங்கள் அக்காவுக்கு இப்போது கண் தெரியாதாம், படித்துக் காட்ட ஆள் வேண்டுமாம். மழை விட்டதும் விமானம் ஏறிக் காரைக்கால் போகிறேன். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அது குழந்தை இல்லை அண்ணி, நான்தான் என்று என் வாயால் சொல்லிவிட்டு வருகிறேன்.

உங்களுக்குச் சோறு போட்டுவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த உங்கள் மனைவி,
வசந்தியின் அம்மா,
கமலம்