நாற்பத்தொன்றாம் ஆணி

பிப்ரவரி 20, வியாழன். சந்திரபூர் பக்கம்

லீவு கிடைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தாராவியில் தங்கச்சி கீதாவின் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் குத்த வேண்டும் என்று தினமும் போனில் உயிரை எடுக்கிறாள். சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்த கையோடு ரயிலுக்கு ஓடணும்.

இன்று டோக்கனை மாட்டாமல் வெளியே நடந்ததற்கு டோக்கன் அறைக்காரர் என்னைத் திட்டினார். மராட்டிக்காரர், பொறுமையான மனுஷன். அவர் வாயாலேயே வாங்கிக் கட்டிக்கொண்டேன். முந்தி இருந்த ஒடிசா சுரங்கத்தில் டோக்கன், அந்தப் பித்தளை வில்லை, எப்போதும் நம்மிடம் இருக்கும். இறங்கும்போது பலகையில் மாட்டுவோம், ஏறியதும் எடுத்துப் பையில் போட்டுக்கொள்வோம். இங்கே தலைகீழ். வில்லையை எடுத்துக்கொண்டு இறங்கணும், மேலே வந்ததும் திரும்ப மாட்டணும். ஆணி காலியாக இருந்தால் ஆள் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். என் ஆணி நாற்பத்தொன்று.

பாறையில் துளை போட்டுச் சோதிக்கிற எங்களுக்கு இதே பிழைப்பு. ஒரு சுரங்கத்தின் பழக்கம் கைக்கு வருவதற்குள் மிஷினைக் கட்டி அடுத்த ஊருக்கு ஏற்றிவிடுவார்கள்.

பிப்ரவரி 23, ஞாயிறு. தாராவி

ஸ்டேஷனிலிருந்து நேரே கோயிலுக்குப் போனேன். ரயிலிலேயே போன் செத்துவிட்டது. என் மனைவி மாலதி அதை வாங்கிக் கோயில் பிளக்கில் போட்டாள். எனக்கு மாலை போட்டு, பிள்ளையை மடியில் வைத்தார்கள். ஊசியைப் பார்த்ததும் அது என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அலறியது. அந்த நேரத்தில்தான் போர்மேன் போன்.

முதலில், உயிரோடு இருக்கிறாயா என்று கேட்டார். பிறகு வண்டி வண்டியாகத் திட்டு. என் ஆணி காலியாம். வெடி வைக்கப் போனவர்களை நிறுத்திவிட்டு என்னைத் தேடியிருக்கிறார்கள். அடுத்த ஷிஃப்டுக்கு வந்த காசிம் அண்ணன், ஒடிசாவிலிருந்தே என்னோடு இருக்கிறவர், தேடும் குழு வருவதற்குள் விளக்கை எடுத்துக்கொண்டு தனியாக உள்ளே போயிருக்கிறார். பக்கவாட்டிலிருந்து கல் சரிந்து வலது கை நசுங்கிவிட்டது.

டோக்கன் மாட்டினாயா என்று கேட்டார். சுற்றிலும் சொந்தக்காரர்கள். கழுத்தில் மாலை. "மாட்டினேன் சார்" என்றேன். சத்தமாக, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

மாட்டினேன்தானே? மாட்டாமலா வருவேன்?

பிப்ரவரி 24

பேண்ட் துவைக்கும்போது மாலதி கையில் கிடைத்திருக்கிறது. ஏதோ சாவிக்கு மாட்டுகிற வில்லை என்று வீட்டுச் சாவிக்கொத்தில் கோத்துவிட்டாள். சாயங்காலம் கதவைப் பூட்டப் போனால் கையில் நாற்பத்தொன்று.

ஒடிசாப் பழக்கம். ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் கை தானாகப் பையில் போட்டிருக்கிறது.

பிப்ரவரி 26

யாரிடமும் சொல்லவில்லை. கடைக்குப் போகவே கூச்சமாக இருக்கிறது, கடைக்காரனுக்கு ஒன்றும் தெரியாது என்றாலும்.

மார்ச் 1

போர்மேன் பேசினார். டோக்கன் அறைக்காரர்தான் வில்லையைத் தொலைத்தார் என்று முடிவு செய்து அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். உத்தரவு இல்லாமல் உள்ளே போனார் என்று காசிம் அண்ணன் பேரிலும் குற்றம் எழுதியிருக்கிறார்கள். உன் மேல் தப்பில்லை, அடுத்த சைட்டுக்குத் தயாராகு என்றார். சரி சார் என்றேன். த்தூ. என்ன மனுஷன் நான்?

மாலதியிடம் சொன்னேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். குழாயை மூடினாள். அப்புறம் சொன்னாள்:

"சொன்னா வேலை போயிரும். சரி. சொல்லாம ரஷீதாக்கா மூஞ்சில எப்படி முழிப்பீய?"

ரஷீதா, காசிம் அண்ணன் மனைவி. அண்ணனை நேற்றே குர்லா வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் விசாரிக்கக்கூட இல்லை.

மார்ச் 3. குர்லா

போனேன். சாவிக்கொத்திலிருந்து வில்லையைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

ரஷீதா மதினி கதவைத் திறந்ததும் என் தலையைத் தொட்டுப் பார்த்தாள். தம்பி உயிரோட இருக்கியே, அது போதும் என்றாள். நோன்பு நாள், அவள் வாயில் தண்ணீர்கூடப் படவில்லை. எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள். வேண்டாம் மதினி என்றால் கேட்கவில்லை.

காசிம் அண்ணன் தலையணையில் கையை உயர்த்தி வைத்துப் படுத்திருந்தார். தோளிலிருந்து விரல்வரை கட்டு. இரண்டு விரல் இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ஒடிசாவில் எனக்கு மிஷின் பிடிக்கக் கற்றுக் கொடுத்த கை. டோக்கன் அறைக்காரன் பாவம் என்று அவர்தான் பேச்சை எடுத்தார். பிள்ளைகுட்டிக்காரன், இந்த வயசில் எங்கே போவான் என்றார்.

டீ பாதியில் இருந்தது. வில்லையை எடுத்துப் பாயில் வைத்தேன். அவரே நம்பரைப் படித்துக்கொண்டார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஒம் பேரச் சொல்லிக் கூப்ட்டுக்கிட்டே போனேம்ல, மாரி. சத்தம் வரல. கல்லுக்கு அடியில கெடக்கன்னு நெனச்சேன்."

நான் அப்போது ரயிலில் வடாபாவ் தின்றுகொண்டிருந்தேன். அதையும் சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்? தெரியவில்லை. மதினி வந்து பாதி டீயோடு கிளாஸை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அப்புறம் வெளியே வரவில்லை. நானே கதவைச் சாத்திக்கொண்டு இறங்கினேன்.

மார்ச் 4

ஆபீசுக்குப் போன் செய்தேன். வில்லை என்னிடம்தான் இருக்கிறது, மாட்டினேன் என்று சொன்னது பொய் என்றேன். போர்மேன் கெட்ட வார்த்தையில் ஆரம்பித்தார், பாதியில் நிறுத்திவிட்டார். வில்லையைக் கூரியரில் அனுப்பச் சொன்னார்.

மார்ச் 19

டோக்கன் அறைக்காரரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். காசிம் அண்ணன் பேரில் எழுதியதையும் அடித்துவிட்டார்களாம். அதனால் கை வந்துவிடுமா? குர்லாவில் மச்சான் பட்டறையில் கணக்குப் பார்க்கப் போகிறாராம்.

எனக்கு வேலை போகவில்லை. மிஷின் பிடிக்கக் கூடாது, ஹெல்பராக ஜார்க்கண்டுக்குப் போகணும். புதுப் பையன்களுக்குக் கீழே தண்ணீர்க் குழாய் பிடிக்கிற வேலை. காதுகுத்துக்கு வந்த சித்தப்பா, பிரமோஷனா என்று கேட்டார். இல்லை, இறக்கிவிட்டார்கள் என்றேன். ஏன் என்று கேட்டார். அதையும் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் காது சுட்டது.

மார்ச் 31

காசிம் அண்ணனுக்குப் பெருநாள் வாழ்த்து அனுப்பினேன். பார்த்துவிட்டார். பதில் இல்லை.

ஏப்ரல் 21. ஜார்க்கண்ட்

இங்கேயும் ஏறியதும் மாட்டணும். மாட்டிவிட்டு அறைக்கு வந்து பூட்ஸைக் கழற்றினேன். போனில் காசிம் அண்ணனிடமிருந்து மெசேஜ். அன்றைக்குப் பிறகு முதல் தடவை. ஒரே சொல்.

"மாட்டிட்டியா?"

பூட்ஸைத் திரும்ப மாட்டிக்கொண்டு டோக்கன் அறைவரை நடந்தேன். என் வில்லை ஆணியில் தொங்கியது. தொட்டுப் பார்த்துவிட்டு எழுதினேன்: மாட்டிட்டேன்ணே.

அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

மே 6

மாட்டிட்டியா. மாட்டிட்டேன்ணே. தினமும் இவ்வளவுதான் பேச்சு. உடம்பு எப்படி என்று நான் கேட்டால் பதில் வராது.

அவர் கேட்பதற்கு முன்னால் நாமே அனுப்பிவிட்டால் என்ன என்று மாலதி கேட்டாள். கூடாது என்றேன். அவர் கேட்கட்டும்.