கொண்டைக்குப் பொருந்திய கருவி

ஐப்பசி, சனிக்கிழமை இரவு.

எனக்கு எழுத வராது. நான் பேசப் பேச ஃபோன் எழுதிக்கொள்கிறது.

ஆஸ்பத்திரியில் ஒரு காலை எடுத்த பிறகு என் மனைவி அஞ்சலை, மம்பாவ் ஊரில் இருக்கும் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டவில்லை. கண்ணில் மாட்டினால் வெளியூரையே காட்டும் விஆர் கருவி வாங்கித் தரலாமென்று, மகள் மலர் மாட்டிப் பார்க்க இரண்டை இரவல் கொண்டுவந்தாள். ஒன்றில் படம் துல்லியம். தலைக்குப் பின்னால் கெட்டி வளையம். மற்றதில் படம் கொஞ்சம் மங்கல், தலைக்குப் பின்னால் இரண்டு துணிப் பட்டைகள்.

மலர் முதலில் வளையத்தை மாட்டினாள். கொண்டையில் இடித்தது. ரெம்பாவ் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய காலத்திலிருந்து அந்தக் கொண்டை அதே இடத்தில்தான் இருக்கிறது.

"கொண்டையை அவுத்துடும்மா."

"வெளக்கு வைக்கிற நேரத்துல தலைய விரிக்கச் சொல்றியா? நல்லா வளத்தேன் ஒன்னைய!"

"அஞ்சு நிமிஷந்தான்லா."

"நீ அவுத்துக்க."

நான் மற்றதை எடுத்து, இரண்டு துணிப் பட்டைகளுக்கும் நடுவே கொண்டையை விட்டு மாட்டினேன். சரியாக உட்கார்ந்தது.

"அப்பா, அதுல படம் சுமாராத்தான் தெரியும்."

"ஒங்கம்மா மாட்டாததுல எப்படித் தெரிஞ்சா என்னம்மா?"

மலர் அதில் கடல் படத்தைப் போட்டாள்.

"தெரியுதாம்மா?"

"சும்மா இரு புள்ள, அலை வருது" என்றவள், சேலை நனையாமல் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

துணிப் பட்டை போட்டதையே வாங்குகிறோம். மற்ற காலைப் பற்றி டாக்டர் சொன்னதைத் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.