வள்ளலுக்குக் கட்டிய சிவப்பு அட்டை

மார்ச் 4, திங்கள்

இன்றைக்கு பிரேக்கைக் கழற்றிக்கொண்டு போனார்கள். இடது சக்கரத்தினுடையது. போன வாரம் ரேடியோ. அதற்கு முன்னால் எரிபொருள் பம்ப். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டு நிற்பதால் என் பொறுப்பில் இருக்கும் விமானத்துக்கு முகாமின் விமான லைனில் ‘வள்ளல்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். வைத்தவன் மின்பட்டறைக்காரன். வாய் மட்டும் வாய்க்கால் நீளம், வாங்கினதைத் திருப்பித் தரத்தான் கை வராது.

காலையில் மற்ற பொறுப்பாளர்கள் ஆளுக்கொரு விமானத்தை அனுப்பிவிட்டு, விமானிக்கு சல்யூட் அடித்துவிட்டு, தேநீர் குடிக்கப் போனார்கள். நான் பறக்காத விமானத்தைத் துடைத்தேன். நேற்றுத் துடைத்ததையே மறுபடியும்.

மார்ச் 6, புதன்

“ஒரு பம்ப் போட ஏன் இத்தனை பேரு?” என்று இவர் சாப்பிடும்போது கேட்டார். என் வீட்டுக்காரர், பஸ் ஓட்டுகிறவர். டிப்போவில் வண்டி படுத்தால் மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள், கதை முடிந்தது. நமக்கு அப்படியா?

மேசையில் இருந்ததை வைத்தே சொல்லிக் கொடுத்தேன். உப்பு டப்பா, நாங்கள். லைன். விமானத்தோடு நின்று அனுப்புகிறவர்கள், வந்தால் வாங்குகிறவர்கள். சின்னச் சின்னக் கிண்ணங்கள் எல்லாம் பட்டறைகள்: என்ஜின், மின்சாரம், எண்ணெய்க்குழாய். ஒவ்வொன்றும் தனி ராஜ்யம். காலி டம்ளர், ஸ்டோர்ஸ். அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை. நடுவில் கரண்டியை வைத்தேன். அதுதான் திட்ட அறை. எது எப்போது பறக்கும், எதிலிருந்து எதைக் கழற்றி எதில் மாட்டுவது, எல்லாம் அங்கேதான் முடிவாகும். சோதனைப் பிரிவுக்கு ஊறுகாய் ஜாடி, அதை மட்டும் மேசையில் வைக்காமல் ஜன்னல் ஓரம் கொண்டுபோய் வைத்தேன். அவர்கள் எங்கள் யாருக்கும் கீழே இல்லை. தப்பைக் கண்டால் நேராக முகாமின் பெரியவரிடம்தான் போவார்கள்.

“அந்தக் கரண்டிதான் என் தங்கச்சியா?”

“சாட்சாத் உங்க தங்கச்சிதான்.”

அதற்கப்புறம் அவர் கரண்டியைத் தொடவே இல்லை.

மார்ச் 10, ஞாயிறு

நாத்தனார் வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவாள். அடுப்படிக்கே வந்து, “குடுங்க அண்ணி, நான் நறுக்குறேன்” என்று வெங்காயத்தை வாங்கிக்கொண்டாள். என்னைவிட ஏழு வயது சின்னவள். வீட்டில் நான் அவளை ‘வா, போ’ என்பேன். முகாமுக்குள் காலை வைத்தால் அவள் மேடம், நான் விறைத்து நிற்கிறவள். இந்த ஏற்பாட்டில் இதுவரை குழப்பம் வந்ததில்லை. வீட்டில் வேலைப் பேச்சு கிடையாது என்று நாங்களாகவே ஒரு கோடு போட்டு வைத்திருந்தோம்.

இன்றைக்கு நான் தாண்டிவிட்டேன். “என் பிரேக் எப்ப வரும்?”

கத்தி நின்றது. “நாளைக்கு ஆபீஸ்ல கேளுங்க அண்ணி.”

அவள் கண் கலங்கியிருந்தது. வெங்காயம்தான். வெங்காயமா?

மார்ச் 11, திங்கள்

கேட்டேன். அவள் அறையில், நான்கு பேர் நடுவில். பெரிய பலகையில் வள்ளலின் எண்ணுக்கு நேராகச் சிவப்பு வில்லை. அதன் பக்கத்தில் ஒரு தேதி, 24. மூன்று மாதம் தொடர்ந்து பறக்காத விமானத்தை முகாமில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். பயிற்சிப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போய் இறக்கையை வெட்டி நிறுத்துவார்கள், புதிதாகச் சேர்ந்தவர்கள் ஸ்க்ரூ முடுக்கிப் பழக. எட்டு வருஷம் நான் அனுப்பின விமானம். அதை வைத்து ஸ்க்ரூ முடுக்கிப் பழகுவார்களாம்!

“ஏம்மா, என் விமானம் மட்டும்தான் உன் கண்ணுல படுதா?” என்று கேட்டுவிட்டேன்.

ஏம்மா. உன் கண்ணுல. அத்தனை பேர் முன்னால்.

அறையே தலையைக் குனிந்துகொண்டது. அவள் மட்டும் குனியவில்லை. “ஓடுற விமானத்துல கைவச்சா ரெண்டு விமானம் நிக்கும். நிக்கிறதுல எடுத்தா ஒண்ணுதான் நிக்கும். வேற ஏதாவது கேக்கணுமா?”

“இல்லை, மேடம்.”

கணக்கு சரிதான். அதுதான் பற்றிக்கொண்டு வருகிறது.

மார்ச் 15, வெள்ளி

பம்ப் வந்தது! ரேடியோவும். பிரேக் திங்கட்கிழமை என்று ஸ்டோர்ஸில் சத்தியம் பண்ணுகிறார்கள்.

மார்ச் 18, திங்கள்

பிரேக்கும் வந்துவிட்டது. என்ஜின்களை ஓட்டிப் பார்த்தோம். இரண்டும் குரலை மாற்றாமல் ஓடின. வெள்ளிக்கிழமை காலை பறக்கலாம் என்று திட்ட அறையிலிருந்து வந்துவிட்டது. என் கை கால் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து அலமாரியை எல்லாம் இறக்கி அடுக்கினேன். இவர், “இறங்கினது எல்லாம் அதே இடத்துலதானே மறுபடி ஏறுது?” என்றார். ஆமாம். அதனால் என்ன?

மார்ச் 19, செவ்வாய்

ஆறாம் எண்ணின் பொறுப்பாளர் இன்று இரண்டு தடவை வள்ளலைச் சுற்றி வந்தார். அவர் விமானத்தில் ஜெனரேட்டர் தகராறு. ஸ்டோர்ஸில் ஜெனரேட்டர் இல்லை. என்னிடம் இருக்கிறது, நல்லது, போன மாதம்தான் மாட்டினது. கல்யாண வீட்டில் செருப்பைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார் மனுஷன்.

வெள்ளிக்கிழமை வரைக்கும் அதைக் காப்பாற்றியாக வேண்டும். எப்படி?

மார்ச் 20, புதன்

செய்துவிட்டேன்.

பழுது என்று சிவப்பு அட்டை எழுதி ஜெனரேட்டரில் கட்டிவிட்டேன். பழுதானதை யார் கேட்கப்போகிறார்கள்? ஆறாம் எண் வந்தார், அட்டையைப் பார்த்தார், “அடடா, உங்களுதும் போச்சா?” என்று எனக்கு ஆறுதல் வேறு சொல்லிவிட்டுப் போனார். நாளை மாலை அவிழ்த்துவிடுவேன். பதிவில் ஏற்றவில்லை, வெறும் அட்டைதான். யாருக்கும் நஷ்டமில்லை.

யாருக்கும் நஷ்டமில்லை என்று ஏன் இரண்டு தடவை எழுத வருகிறது எனக்கு?

மார்ச் 21, வியாழன், மதியம்

சோதனைப் பிரிவின் ‘சந்தேகம்’ வந்துவிட்டுப் போய்விட்டார். அவருக்கு அம்மா வைத்த பெயர் என்னவோ, முகாமில் அதுதான் பெயர். சொல்லாமல் கொள்ளாமல் வருகிறவர். நான் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் வந்து, அட்டையைப் பார்த்து, எண்ணைக் குறித்து, பதிவில் ஏற்றிவிட்டார்.

போச்சு. பதிவில் ஏறின பழுதை நான் அவிழ்க்க முடியாது. ஜெனரேட்டரைக் கழற்றி மின்பட்டறைக்கு அனுப்பணும், அவர்கள் சோதிக்கணும். அங்கே வரிசை மூன்று வாரம். 24 ஞாயிற்றுக்கிழமை.

எவன் கையும் படக் கூடாதுன்னு நானே கட்டிட்டேனே. சொந்தக் கையால. அறிவு எங்கடி போச்சு உனக்கு?

அதே நாள், மாலை

யோசித்துப் பார்த்தேன். வாயைத் திறக்காவிட்டால் எனக்கு ஒன்றும் ஆகாது. மூன்று வாரம் கழித்துப் பட்டறையில் ‘பழுது காணப்படவில்லை’ என்று எழுதுவார்கள். மாதத்தில் பத்துக்கு அப்படித்தான் எழுதுகிறார்கள், யாரும் யாரையும் கேட்பதில்லை. வள்ளல் மட்டும் பள்ளிக்குப் போய்விடும்.

திறந்தால் விமானம் பறக்கும். என்னை அதன் பக்கத்தில் விடமாட்டார்கள். பொய் அட்டை கட்டினவளிடம் எவன் உயிரை நம்பி ஏறுவான்? நானே ஏற மாட்டேன்.

நாத்தனார் வீட்டுக்குப் போய்ச் சொல்லலாமா? அண்ணியாகப் போனால் அவளுக்கும் சேர்த்துக் குழி தோண்டுகிற மாதிரி. வாசல் வரைக்கும் போய்ச் செருப்பை மாட்டினேன், கழற்றினேன். இவர் பார்த்துக்கொண்டே இருந்தார். “யாரை அடிக்கப் போற?” என்றார்.

“என்னைத்தான்.”

மார்ச் 22, வெள்ளி

காலையிலேயே திட்ட அறைக்குப் போய் விறைத்து நின்றேன். “மேடம், அந்த அட்டை பொய். ஜெனரேட்டர் நல்லாத்தான் இருக்கு. நான்தான் கட்டினேன்.”

அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தாள். கதவைச் சாத்தப் போகிறாள் என்று நினைத்தேன். சாத்தவில்லை. ‘சந்தேகத்தை’ வரச் சொன்னாள். அவர் வந்ததும், “இப்ப மறுபடி சொல்லுங்க” என்றாள்.

சொன்னேன். அதையே, வார்த்தை மாறாமல்.

அவர் மூக்கைத் தேய்த்துக்கொண்டார். “எழுதிக் குடுங்க. நானே என்ஜினை ஓட்டி அளந்து பாக்குறேன். சரியா இருந்தா பழுதை நீக்கிக் கையெழுத்துப் போடுறேன்.” வாசலில் நின்று, “இருபது வருஷத்துல நான் கேக்காம ஒருத்தர் வந்து சொன்னது இதுதான்” என்றார். பாராட்டா திட்டா, அவர் முகத்தில் எதுவும் தெரியாது.

எழுதிக் கொடுத்தேன். அவள் படித்தாள். “பெரியவர்கிட்ட நானே கொண்டுபோறேன். குறைச்சுச் சொல்ல மாட்டேன்.”

“குறைக்க வேண்டாம் மேடம்.”

ஜெனரேட்டர் சரி என்று ‘சந்தேகம்’ மதியமே கையெழுத்துப் போட்டுவிட்டார், பறப்பது நாளைக்குத் தள்ளிப்போனது. சாயங்காலம் உத்தரவு வந்தது. ஒரு வருஷம் விமானத்தில் கை வைக்கக் கூடாது. வள்ளல் ஆறாம் எண்ணின் பொறுப்பாளருக்குக் கூடுதல் பொறுப்பு. நான் நாளை முதல் திட்ட அறையில், தொலைபேசியில். கருவி அறைக்குப் போட இருந்தார்களாம், அவள்தான் என்னைக் கேட்டு வாங்கினாளாம். இதைச் சொன்னதும் இவர் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, “ரெண்டு பேரும் ஒரே ரூம்லயா? நான் வெளியூர் வண்டிக்கு எழுதிக் குடுத்துடுறேன்” என்றார். சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போது அழுகை வந்துவிட்டது. நன்றாகவே அழுதேன்.

மார்ச் 23, சனி

திட்ட அறைக்கு ஜன்னல் கிடையாது. இத்தனை வருஷம் சண்டைக்கு மட்டுமே வந்து போனதால் இதைக் கவனித்ததில்லை. எல்லா விமானமும் இங்கே வில்லைதான்.

பத்து மணிக்கு மேல் என்ஜின் சத்தம் வந்தது. எனக்கு அந்தச் சத்தம் தெரியாதா? காதில் தொலைபேசி, எதிர்முனையில் யாரோ டயர் கேட்டுக்கொண்டிருக்கிறார், நான் ‘ம், ம்’ என்கிறேன். ஒன்றும் ஏறவில்லை.

அவள் என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கிக்கொண்டாள். “போங்க அண்ணி. சீக்கிரம்.”

ஆபீஸில். எல்லோர் முன்னாலும்.

ஓடினேன். ஹேங்கர் மூலையைத் திரும்பும்போது சக்கரம் தரையை விட்டுவிட்டது. ஆறாம் எண் சல்யூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது, பொய் எதற்கு? சந்தோஷமும் இருந்தது. மேகத்துக்குள் போகும் வரை நின்றேன்.

திரும்பி வந்தபோது பலகையில் வில்லையை மாற்றாமல் வைத்திருந்தாள். பச்சையை என்னிடம் நீட்டினாள். “டயர்காரருக்கு நீங்களே திருப்பிப் பேசுங்க, ரொம்பத் திட்டுறார்.”

ஏப்ரல் 18, வியாழன்

மூன்றாம் எண்ணுக்கு பிரேக் வேண்டும். நாளைக் காலை போயாக வேண்டும். ஸ்டோர்ஸ் வழக்கம்போல. பலகையை நாலு தடவை பார்த்தேன். நாளைக்குப் பறக்காமல் சும்மா நிற்பது ஒன்றுதான். அவள் என் மேசைப் பக்கம் திரும்பவில்லை.

நானே எழுதினேன்: வள்ளல், இடது சக்கரம்.

ஆறாம் எண் நேரில் வந்து கத்தினார். கத்தி முடியட்டும் என்று இருந்தேன். பிறகு கூடவே லைனுக்குப் போய், கழற்றி முடிக்கும் வரை கையைக் கட்டிக்கொண்டு அவர் பக்கத்தில் நின்றேன். திங்கட்கிழமைக்குள் வேறு பிரேக் வந்துவிடும் என்று சொன்னேன்.

அவர் நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.