பழைய படகுக்குப் பெரிய மோட்டார்

அன்புள்ள அண்ணா,

நீ கேட்டுச் சண்டை போட்டாயே, அந்தப் பெரிய மோட்டாரை அப்பா வாங்கிவிட்டார். நம் பழைய படகிலேயே மாட்டியும்விட்டார்.

மெக்கானிக் மாமா தலையில் அடித்துக்கொண்டார். "மச்சான், இது படகா, முறமா? இந்த எடையைப் பின்பலகை தாங்காதுய்யா!"

"எம் பையன் கேட்டது இதைத்தான். நீ நட்டை முறுக்கு."

இப்போது படகு பின்புறம் அமிழ்ந்து, மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அம்மா முன்னால் போய் உட்கார்ந்தால்தான் நேராகிறது. "என் உடம்புக்கும் ஒரு வேலை கிடைச்சுது" என்று சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை.

மோட்டாரைத் தினமும் துடைத்துத் துணியால் மூடுகிறார், ஓட்டுவதில்லை. "முதல்ல அவன்தான் ஸ்டார்ட் பண்ணணும்" என்கிறார்.

கூட வந்த கையேட்டை முழுவதும் படித்தேன். நம் படகுக்கு இதில் பாதி சக்தியே அதிகம். வேகமெடுத்தால் பின்பலகை பிய்ந்து, படகு கவிழ்ந்துவிடும். அன்று அப்பா மறுத்தது சரிதான் அண்ணா. "துப்புக் கெட்டவனே, வெளியே போ" என்று சொன்னதுதான் தப்பு. அது அவருக்கும் தெரியும். அதை ஒப்புக்கொள்ளத்தான் வாய் வரமாட்டேன் என்கிறது. மோட்டாரைக் கழற்றினால் உனக்கு இரண்டாவது முறையும் முடியாது என்று சொன்னதாகிவிடும் என்று பயப்படுகிறார்.

அதனால் நீ வா. ஸ்டார்ட் செய்யும் கயிற்றை ஆசையாக உன் கையில் கொடுப்பார். இழுத்துவிடாதே. "வேணாம்ப்பா, கழட்டிடலாம்" என்று நீயே சொல். நீ சொன்னால் மட்டும்தான் அவரால் கழற்ற முடியும்.

வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
உன் தங்கை