ஊறிய பிண்ணாக்கும் பதினெட்டும்

மார்ச் 3

மதியம். கொட்டகையில் மாடுகள் அசைபோடுகின்றன. கேட்டுக்கொண்டே இருந்தால் கண் செருகுகிறது.

இன்றும் சுவரில் கரியால் கட்டம் போட்டேன். நடுவில் 18, தீவனத்தில் நூற்றுக்கு வரவேண்டிய புரதம். இடப்பக்கம் மேலே மக்காச்சோளத்தின் புரதம் 9, கீழே கடலைப் பிண்ணாக்கின் 45. குறுக்காகக் கழித்தால் வலப்பக்கம் மேலே 27, கீழே 9. மூன்று பங்கு சோளத்துக்கு ஒரு பங்கு பிண்ணாக்கு. எத்தனை முறை போட்டாலும் இதே விடைதான், ஆனாலும் எனக்கு அலுப்பதில்லை. ஜன்னலும் ஒரு கட்டமாகத் தெரிகிறது. நடுவில் ஒரு துண்டு வானம். அதில் எத்தனை பங்கு மேகம்?

“நின்னுக்கிட்டே கனவா?” என்றாள் அக்கா.

அக்கா என் கணவருடைய அண்ணன் மனைவி. இத்தனை வருஷம் கையால் அள்ளிப் போட்டே தீவனம் கலந்தவள். பயிற்சி வகுப்புக்குப் போய்வந்த நான் தராசைக் கொண்டுவந்து மாட்டியதும் ஒன்றும் சொல்லாமல் விலகிக்கொண்டாள். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை.

மார்ச் 7

சீமாட்டியின் பால் குறைகிறது. கழுவாத வாளியில் தண்ணீர் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், அதனால்தான் அந்தப் பெயர் வைத்தேன். கன்று போட்டுக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. பால் ஏறவேண்டிய காலம் இது.

மார்ச் 10

சாப்பிடும்போது பெரியவர், அக்காவின் வீட்டுக்காரர், பேச்சை எடுத்தார். “ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதும்மா. மாசக் கடைசிக்குள்ள பால் ஏறலைன்னா சீமாட்டியைக் குடுத்துடலாம். வியாபாரிகிட்ட சொல்லி வச்சிருக்கேன்.”

என் வீட்டுக்காரர் குழம்பை இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டார்.

“நான் அப்பவே நினைச்சேன்” என்று அக்கா சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான்தான் பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டேன்.

மார்ச் 12

தராசு மேல் சந்தேகம். படிக்கல்லை வைத்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்!

மார்ச் 13

கனவில் சீமாட்டி என் கட்டத்துக்குள் நிற்கிறாள். நாலு மூலையிலும் எண்கள். வெளியே வர வழி தெரியாமல் என்னையே பார்க்கிறாள். நான் கரித்துண்டைத் தேடுகிறேன், கிடைக்கவில்லை.

எழுந்து அழுதேன். ஒரு மாட்டுக்காகவா? ஆமாம், மாட்டுக்காகத்தான்.

மார்ச் 17

அக்கா வழக்கம்போல ஊறவைத்து எடுத்து வைத்திருந்த பிண்ணாக்குக் கூடையைத் தராசுக் கொக்கியில் மாட்டினேன். முள் நின்றது. நானும் நின்றேன். வெளியே மூடுபனி விலகிக்கொண்டிருந்தது. மரங்கள் ஒவ்வொன்றாக எங்கிருந்தோ வந்து அவரவர் இடத்தில் நின்றுகொண்டன. எவ்வளவு நேரம் பார்த்தேனோ தெரியாது. திரும்பினால் முள் கீழே இறங்கியிருக்கிறது. யாரும் கூடையைத் தொடவில்லை. அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.

தண்ணீர் —

அந்த 45 காய்ந்த பிண்ணாக்குக்கு உள்ளது. வகுப்பில் புட்டியில் போட்டுக் காட்டியதும் காய்ந்ததுதான். நான் கொட்டகைக்குள் வரும்போதெல்லாம் அது ஊறித்தான் இருக்கும், அதன் குணமே ஈரம் என்று இருந்துவிட்டேன். கூடையில் பாதி தண்ணிடி, மக்கு! தண்ணிக்கு ஏது புரதம்? அரைப் பங்கைப் போட்டுவிட்டு ஒரு பங்கு என்று கட்டத்தை ரசித்துக்கொண்டிருந்திருக்கிறேன். திரும்பக் கணக்குப் போட்டால் பதினெட்டு இல்லை, பதினாலுதான் வருகிறது. பச்சை உடம்புக்காரியை அரைப்பட்டினி போட்டிருக்கிறேன்.

அக்காவிடம் எப்படிச் சொல்ல?

மார்ச் 18

சொன்னேன், மூடுபனியைப் பார்த்துக்கொண்டு நின்றது முதல் எல்லாவற்றையும். அக்கா கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள்.

“முன்னெல்லாம் காஞ்சதைத்தான் அள்ளுவேன், அப்புறம்தான் ஊறப்போடுவேன். நீ நிறுக்க ஆரம்பிச்சதும், உனக்கு வேலை மிச்சமாகட்டுமேன்னு முன்னாடியே ஊறவச்சிட்டேன். அப்போ என்னாலதான் அதுக்குப் பால் வத்திப்போச்சா?”

“நீங்க நல்லதுதானேக்கா செஞ்சீங்க. ஒரு வார்த்தை கேக்காம விட்டது நான்தான்.”

இரண்டு பேரும் மாட்டின் இரண்டு பக்கமும் நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டோம். சீமாட்டி நிம்மதியாக அசைபோட்டாள். அக்கா விலகிக்கொண்டாள் என்று முன்னால் எழுதியிருக்கிறேனே, எனக்கு முன்பே எழுந்து எனக்காகப் பிண்ணாக்கை ஊறவைத்தவளை! வெட்கமாக இருக்கிறது.

பெரியவரிடம் அக்காவே போய்ப் பேசினாள். மாசக் கடைசி வரை பார்ப்பாராம்.

மார்ச் 19

நிறுத்தோம். பிறகு ஊறப்போட்டோம். ஒரேயடியாக ஏற்றினால் வயிறு கெடும் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பிண்ணாக்கைக் கூட்டுகிறோம்.

மார்ச் 25

பால் ஏறுகிறது. எவ்வளவு என்று எழுதமாட்டேன், என் கண்ணே பட்டுவிடும்.

மார்ச் 31

வியாபாரி வந்துவிட்டார். வரவேண்டாம் என்று சொல்லப் பெரியவர் மறந்துபோனாராம். அக்கா வாசலிலேயே மறித்து, “மாடு விக்கிறதுக்கில்லீங்க” என்று அனுப்பிவிட்டாள். உள்ளே சீமாட்டி மகாராணி வாளியைக் கழுவச் சொல்லி முட்டிக்கொண்டிருந்தாள்.

நான் காய்ந்த பிண்ணாக்கைத் தராசில் மாட்டிவிட்டு அப்படியே ஜன்னலைப் பார்த்து நின்றுவிட்டேன் போலிருக்கிறது. பின்னால் பெரியவரின் குரல் கேட்டது. “என்னம்மா, நின்னுக்கிட்டே —”

“கூப்பிடாதீங்க” என்றாள் அக்கா. “அவ நிக்கட்டும்.”