அஞ்சு வருஷத்துக்குத் தூக்க மாட்டாங்க

அண்ணா,

வாளித் தண்ணீர் இன்றைக்கும் பழுப்பாகத்தான் வந்தது. நீ போனதிலிருந்து அம்மா உன் வேலைச் சட்டையை வாரம் தவறாமல் ஊறவைத்துத் துவைக்கிறாள். யாரும் போடாத சட்டை எப்படி அழுக்காகும் என்று கேட்டால் காதில் விழாத மாதிரி இருந்துவிடுகிறாள். சோப்பு வாசனையை மீறிக்கொண்டு அந்த நனைந்த கரி வாசனை வருகிறது. ஷிஃப்ட் முடிந்து நீ செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே வீட்டுக்குள் நுழைந்துவிடுமே, அதே வாசனை. எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது.

இன்று சாயங்காலத்துக்குள் இரண்டு இடங்களுக்கும் நான் பதில் சொல்லியாக வேண்டும். நீயோ எனக்கும் சேர்த்து ஊரெல்லாம் பதில் சொல்லிவிட்டுப் போய்விட்டாய்.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் சொல்லிப் பார்க்கிறேன். நிலத்தடி நீர் பற்றி மேற்படிப்புப் படிக்க ஆஸ்திரேலியாவில் இடம் கிடைத்திருக்கிறது. பாதிக் கட்டணம் தள்ளுபடி, மீதிக்குக் கடன். படித்து முடித்தபின் நான் யாருக்கும் கட்டுப்பட்டவள் இல்லை. இன்னொன்று ஜெர்மனி. சென்னையில் இருக்கும் ஒரு கம்பெனியின் அறக்கட்டளை, படிப்பிலிருந்து விமான டிக்கெட் வரை எல்லாச் செலவையும் ஏற்றுக்கொள்ளும். திரும்பி வந்து ஐந்து வருடம் அவர்கள் சொல்கிற ஊரில், சொல்கிற வேலையைப் பார்க்க வேண்டும். நடுவில் விட்டால் அத்தனையையும் திருப்பிக் கட்ட வேண்டும்.

முதலில் நீ இரண்டையுமே கிண்டல்தான் செய்தாய். "மைன்ஸ்லருந்து ராத்திரி பகலா தண்ணிய எறச்சி வெளிய வுட்டுகினு இருக்கான். தண்ணியப் பத்தித் தெரிஞ்சிக்க பிளேன் ஏறணுமா? வா பாப்பா, வண்டில இட்டுகினு போய்க் காட்றேன்" என்றாய். ஒருநாள் நிஜமாகவே கூட்டிக்கொண்டும் போனாய். வாய்க்காலில் அந்தத் தண்ணீர் நுரைத்து ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நாம் இருவரும் வேர்க்கடலை தின்றோம். இந்தத் தண்ணீர் கீழே எங்கிருந்து வருகிறது, எத்தனை காலம் வரும் என்று நான் விளக்க ஆரம்பித்ததும் நீ கொட்டாவி விட்டாய். இப்போது நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது.

அறக்கட்டளைக் கடிதம் வந்த அன்று நீ சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். 'ஐந்து வருடக் கட்டாயப் பணி' என்று நான் படித்தேன். அலுத்துப்போய்த்தான் படித்தேன். உன் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"அஞ்சு வருஷமா? அஞ்சு வருஷத்துக்குத் தூக்க மாட்டாங்களா?"

"அண்ணா, அது அவங்க என்னைத் தூக்கறதப் பத்தி இல்ல. நான் அவங்கள விட்டுப் போகக் கூடாதுங்கறதப் பத்தி."

"நீ இன்னாத்துக்குப் போகப்போற?"

இதற்குப் பதில் இருந்தது, ஆனால் உனக்குப் புரிகிற மாதிரி இல்லை. சுரங்கத்தில் நிலக்கரி ஏற்றி ஓடும் பெல்ட்டுக்குக் கீழே சிந்துகிற கரியை அள்ளிப் போடுவதுதான் இத்தனை வருடமும் உன் வேலை. காண்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் உன் கேட் பாஸும் செத்துப் பிழைக்கும். புதுப் பாஸ் கைக்கு வருகிற வரை நம் வீட்டில் யாரும் உரக்கப் பேச மாட்டோம். அப்படிப்பட்ட உன்னிடம் போய், கிடைத்த வேலையை ஒருத்தி விட நினைப்பாள் என்று எப்படிச் சொல்வது? எனக்கு விலங்காகத் தெரிந்த அதே வரி உனக்குத் தாலி மாதிரி தெரிந்தது.

அதோடு விட்டாயா? மறுநாள் ஒரு கிலோ லட்டு வாங்கிக்கொண்டு போய் மைன்ஸ் கேட்டுக்கு எதிரே இருக்கிற டீக்கடையில் எல்லோருக்கும் கொடுத்தாய். "எந்தங்கச்சிக்கு பர்மனன்ட் ஆயிடுச்சி!" இன்னும் படிக்கவே போகாதவளுக்கு வேலை நிரந்தரம்! அதைக் கேள்விப்பட்டு, நீ வந்ததும் கத்துவதற்காக நான் காத்திருந்தேன். கத்தினேன். நீயும் கத்தினாய். இடையில் அம்மா வந்து, "அவன் கேட்டா நான் சொல்லிக்கிறேன், நீ உள்ள போ" என்று வழக்கம்போல் என்னைப் பிரித்து அனுப்பினாள். அடுத்த வாரமே சேத்தியாத்தோப்பு ரோட்டில் உன் வண்டி மேல் லாரி மோதிவிட்டது.

நீ உயிரோடு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். பத்து நாள் முறைத்துக்கொண்டு திரிவாய். பிறகு நீயாகவே வந்து, "சரி, அந்த ஆஸ்திரேலியாக்காரன் இன்னா சொல்றான்?" என்பாய். எந்தச் சண்டையில் நீ கடைசிவரை நின்றிருக்கிறாய்? ஆனால் இப்போது பார்க்கிறவர்கள் எல்லோரும், "உங்க அண்ணன் வாயால சொல்லிட்டுப் போன வேலைம்மா" என்கிறார்கள். காரியத்துக்கு வந்தவர்கள்கூடப் போகும்போது அதைத்தான் சொல்லிவிட்டுப் போனார்கள். உன் வேலைதான் கடைசிவரை பர்மனன்ட் ஆகவில்லை, உன் பேச்சு ஆகிவிட்டது.

இந்த ஆத்திரத்தில்தான் முந்தாநாள் அறக்கட்டளை ஆபீசுக்கு போன் போட்டேன். எனக்காகக் கேட்கவில்லை. நீ சொன்னது தப்பு என்று நிரூபிக்கத்தான் கேட்டேன். செத்தவனிடம் ஜெயிக்க வேண்டும் என்று எவளாவது நினைப்பாளா? நான் நினைத்தேன்.

"சார், இந்த அஞ்சு வருஷத்துல நீங்க என்னை வேலைய விட்டுத் தூக்க முடியுமா?"

அந்த மனிதர் இப்படி ஒரு கேள்வியை எதிர்பார்க்கவில்லை. "வேகன்சி இருந்தாதான் எடுப்போம் மேடம். எடுத்தப்புறம் வருஷா வருஷம் பர்ஃபார்மன்ஸ் பாத்து ரினியூவல்" என்றார்.

"ரினியூவல் ஆகலன்னா?"

"ரிலீஸ் பண்ணிடுவோம்."

"நானா விட்டா?"

"ஃபுல் அமவுண்ட் கட்டணும்."

போனை வைத்துவிட்டு நேராக டீக்கடைக்குப் போனேன். உன்னோடு பெல்ட்டில் வேலை பார்த்த பாலு அண்ணன் இருந்தார். ஒன்றுவிடாமல் சொன்னேன். நான் ஜெயித்த கதையை யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது. அவர் டீயை முழுசாகக் குடித்து முடித்துவிட்டு, "அப்ப இதுவும் நம்ம காண்ட்ராக்ட் கேஸுதான்" என்றார். "உங்கண்ணன் இருந்திருந்தா அந்தாள போன்லயே கிழிகிழின்னு கிழிச்சிருப்பான்."

அப்பாடா, ஒருவருக்காவது புரிந்தது என்று நினைத்தேன். வண்டியை எடுக்கப் போனபோது பின்னாலேயே வந்தார். "இருந்தாலும் அதையே எடுத்துக்கம்மா. ரினியூவல் வந்துடும். எங்களுக்கு வர்ல?"

அண்ணா, எனக்கு அங்கேயே மண்டையை முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அவர் மேல் கோபம் இல்லை. ஒவ்வொரு முறையும் பாஸ் வரும் வரை சாப்பாடு இறங்காமல் கிடந்துவிட்டு, வந்ததும் அத்தனையையும் மறந்துபோகிற உங்கள் எல்லோர் மேலும் கோபம். அந்தக் கோபத்தைக் கொண்டுபோய் யாரிடம் காட்டுவது? நீ இருந்தால் உன்னிடம் காட்டியிருப்பேன்.

எங்கே போனாலும் உன் கேள்வி என்னோடு வரும். எத்தனை வருடம், எவ்வளவு அபராதம், எந்த ஊர் என்றுதான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தூக்குவார்களா என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. நீ கேட்டாய். கேட்டுவிட்டு, தூக்க மாட்டார்கள் என்று நீயே பதிலும் சொல்லிக்கொண்டு லட்டு வாங்கப் போய்விட்டாய். இனி யார் எந்தத் தாளை நீட்டினாலும், கையெழுத்துப் போடும் முன் அதை நான் கேட்பேன். பதில் வரும்வரை இனிப்பு வாங்க மாட்டேன்.

மத்தியானம் அம்மாவிடம் சொன்னேன். ஜெர்மனி வேண்டாம், கடன் வாங்கி ஆஸ்திரேலியா போகிறேன் என்று.

"அவன் ஆசப்பட்டானேடி."

"அவன் ஆசப்பட்டது வேற, இவங்க கொடுக்கறது வேறம்மா. ஜெர்மனி போனாலும் திரும்பி வந்து இவங்க சொல்ற ஊருலதான் இருக்கணும். உன்கூட இருக்க முடியாது."

"அப்ப எதுல போனாலும் நான் தனியாத்தான் கெடக்கணும்."

பொய் சொல்லலாம் என்று பார்த்தேன். வரவில்லை. "ஆமாம்மா" என்றேன். உன்னை அடக்கம் செய்த அன்றுகூட எனக்கு இவ்வளவு வலிக்கவில்லை. அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"சரி, நீ உன் இஷ்டப்படியே போ. அவன் கேட்டா நான் சொல்லிக்கிறேன்."

பழக்கத்தில் வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. இரண்டு பேருமே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

பதிலை அனுப்பிவிட்டேன். உனக்குச் சொல்ல வேண்டியதை அம்மா தயாராக வைத்துக்கொண்டிருக்கிறாள். கேளேன், அண்ணா. ஒரே ஒரு தடவை வந்து கத்திக் கேளேன்.