வேர்த்த உப்பு

அக்கா,

சமையலறை மூலையில் உங்கள் மகள் வைத்துவிட்டுப் போன உப்பு மூட்டை இன்று காலை வேர்த்திருந்தது. சென்னையில் மழை இன்னும் இறங்கவில்லை. காற்றில் கொஞ்சம் ஈரம் வந்ததற்கே மூட்டைக்கு அடியில் தரை நனைந்துவிட்டது. துடைக்கக் குனிந்தவள் எழுந்திருக்க மனமில்லாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்க இந்த வீட்டில் ஆள் கிடையாது.

எழுபதுகளின் நடுவில் ஓர் ஐப்பசியில் நான் மரக்காணத்துக்கு வந்து இறங்கினேன். இருபத்துநான்கு வயது. பிசியோதெரபி படித்து முடித்த திமிர் தலையில், நான்கு கம்பளி பெட்டியில். உப்பளத்துக் குடிசைகளில் இளம்பிள்ளை வாதம் வீடு வீடாகப் புகுந்திருந்த நேரம். பள்ளிக்கூடத்தை மூடி, பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் பிள்ளைகளைக் கிடத்தியிருந்தார்கள். டாக்டர் வாரம் ஒருமுறை ஜீப்பில் வந்து போவார். அந்த நோய்க்கு அவரிடமும் மருந்து இல்லை. கம்பளியை வெந்நீரில் முக்கிப் பிழிந்து ஒத்தடம் கொடுப்பதும், விழுந்துபோன கால் கோணிக்கொள்ளாமல் நேராக நிறுத்தி வைப்பதும்தான் வைத்தியம். அதற்குப் பதினொரு பிள்ளைகளுக்கு நான் ஒருத்தி.

அந்தப் பிள்ளைகளைத் தொடுகிற கை என்பதால் கடைக்காரர் நான் கேட்ட சாமானை வாசற்படியில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். உங்களுக்கும் அதே கதிதான். கால் விழுந்துபோன மூன்று வயது மகள் அமுதாவைத் தோளில் போட்டுக்கொண்டு நீங்கள் வந்த மறுநாளே, அளத்தில் உங்களோடு உப்பு வாரியவர்கள் இனி அந்தப் பக்கம் வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். புருஷனையும் இழந்தவர் நீங்கள். அதனால் பகலெல்லாம் எனக்கு ஒத்தாசையாக வெந்நீர் போட்டீர்கள். நான் டாக்டர் இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவீர்கள். ஊரில் என்னைக் கூப்பிட்ட ஒரே ஆள் என்பதால் நானும் திருத்துவதை விட்டுவிட்டேன்.

பாதங்களை முட்டுக்கொடுத்து நிறுத்த மணல் மூட்டைகள் வேண்டியிருந்தன. கடற்கரைக்குப் போகும் வழியை மீனவர்கள் முள் போட்டு அடைத்திருந்தார்கள். நாங்கள் வந்தால் நோயும் வருமாம். பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலேயே, மழைக்கு முன் பனையோலை போட்டு மூடிய உப்புக் குவியல்கள் இருந்தன. மணல் என்ன, உப்பு என்ன, கனம்தானே வேண்டும் என்று நினைத்தேன். உப்பைப் பையில் கட்டச் சொன்னேன்.

"வேணாம் டாக்டரம்மா. உப்பு வேர்க்கும். ஈரக் காத்து அடிச்சா தண்ணியா வுட்டுடும். ஏரிப் பக்கம் போயி மண்ணு அள்ளியாறேன், ஒரு நாளு பொறுங்க."

ஒரு நாள் பொறுத்திருக்கலாம். படித்தவள் சொல்கிறேன், கட்டுங்கள் என்றேன். நீங்கள் பைகளைக் கட்டி, பிள்ளைகளின் பாதங்களோடு சேர்த்துத் துணியால் சுற்றினீர்கள்.

மூன்றாம் நாள் ஈரக்காற்று வந்தது. அமுதா அழ ஆரம்பித்தாள். இந்த நோயில் தசை வலிக்கும், பிள்ளைகள் அழத்தான் செய்யும், கட்டை மட்டும் அவிழ்க்கக் கூடாது என்று உங்களிடம் கண்டிப்பாகச் சொன்னேன். இரண்டு நாள் அவள் அழுதாள். இரண்டு நாளும் நீங்கள் என் சொல்லுக்குக் கட்டுப்பட்டு அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தீர்கள். கடைசியில் நானே கட்டை அவிழ்த்தபோது பை சுருங்கிக் கிடந்தது. கசிந்த உப்புத்தண்ணீரில் ஊறி ஊறிக் குதிகால் வெந்து, தோல் துணியோடு வந்துவிட்டது. மற்றப் பிள்ளைகளின் பைகளை ஓடி ஓடி அவிழ்த்தேன். அவை நனைந்திருந்ததோடு சரி. இவள் ஒருத்தி புண்ணோடு மாட்டிக்கொண்டாள். புண் ஆறும் வரை பாதத்தை நிமிர்த்தி நிறுத்தும் பட்டை வைத்துக் கட்ட முடியாது. கட்டாவிட்டால் பாதம் கீழே இழுத்துக்கொள்ளும்.

மறுநாள் டாக்டர் வந்தார். புண்ணைப் பார்த்ததும் உப்பை வைத்தது யார் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் எழுந்துவிட்டீர்கள்.

"நான்தாங்க. தெரியாம வச்சிட்டேன்."

அளத்துப் பொம்பளைக்கு அறிவு அவ்வளவுதான் என்று அத்தனை பேர் முன்னாலும் அவர் திட்டினார். நீங்கள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றீர்கள். நான் அந்தப் புண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது, அக்கா.

ஜீப் போன பிறகு ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக என்னை ஒருமையில் பேசினீர்கள்.

"உன்ன அனுப்பிட்டான்னா இந்தப் பதினோரு புள்ளைங்களுக்கு யாரு கை வைப்பா? நான் திட்டு வாங்கினா என்ன, பழக்கம்தான்."

அதன் பிறகு பட்டைக்குப் பதிலாக உங்கள் உள்ளங்கைதான் இருந்தது. புண்ணில் படாமல் பாதத்தை எப்படி நிமிர்த்திப் பிடிப்பது என்று காட்டிக்கொடுத்தேன். சோறு தின்னும் நேரம் தவிர மூன்று வாரம் பிடித்திருந்தீர்கள். புண் ஆறியது. பாதம் பாதிதான் நின்றது. அமுதா நடந்தாள், சாய்ந்து சாய்ந்து நடந்தாள்.

என்னை அங்கே அனுப்பியவர்கள் ஊருக்குத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். வருஷா வருஷம் உங்களுக்குப் பொங்கல் வாழ்த்து அனுப்பினேன். ஒன்றிலும் மன்னிப்பு என்று எழுதவில்லை. ஒன்று மட்டும் செய்தேன்: அதற்கப்புறம் யார் வலி என்று சொன்னாலும் முதலில் கட்டை அவிழ்த்துப் பார்த்தேன். கொரோனா சமயத்தில் என்னிடம் படித்த பெண்கள், மூச்சுத் திணறுகிறவர்களைக் குப்புறப் படுக்கவைத்துவிட்டுப் போனில் சந்தேகம் கேட்டபோதும் அதையே சொன்னேன். நோயாளி அழுதால் நம்புங்கள், உங்கள் படிப்பை அப்புறம் நம்பிக்கொள்ளலாம் என்றேன். இதை எங்கே படித்தேன் என்று அவர்களிடம் சொன்னதில்லை.

போன மாதம் அமுதா வந்தாள். நீங்கள் போய்விட்ட செய்தியோடும், எனக்குக் கொடுக்கச் சொல்லி வைத்திருந்தீர்களாமே, இந்த மூட்டையோடும் வந்தாள். காப்பி குடித்துக்கொண்டே சொன்னாள்:

"அம்மா சாவுற வரைக்கும் என் குதிகாலத் தடவிக்கினே இருக்கும்ங்க. நான்தாண்டி உப்ப வச்சிக் கெடுத்துட்டேன்னு அழுவும்."

உங்கள் சொந்த மகளிடம் கூடவா, அக்கா? டாக்டரிடம் சொன்ன பொய் அன்றோடு தீர்ந்தது என்று இத்தனை வருஷமும் நம்பிக்கொண்டிருந்தேன்.

சொல்லிவிட்டேன். நீங்கள் எச்சரித்தது, நான் கேட்காதது, அவள் அழுத இரண்டு நாள், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அமுதா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"கல்யாணம் தட்டிப்போனப்ப, எல்லாம் உன்னாலதான்னு அதும்மேல கத்தினேங்க. ரெண்டு வருஷம் பேசல. அப்பக்கூட வாயத் தொறக்கல அது."

செருப்பை மாட்டிக்கொண்டு, சாய்ந்து சாய்ந்து படியிறங்கிப் போனாள். அப்புறம் என் போனை எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்று நான் கேட்க முடியாது.

மூட்டைக்கு அடியில் ஒரு தட்டு வைத்திருக்கிறேன். இந்த உப்பைச் சமைக்கவும் மாட்டேன், கொட்டவும் மாட்டேன். அமுதா உங்கள் மேல் வைத்திருந்த கோபம் இப்போது என் மேல் இருக்கிறது. அது இங்கேயே இருக்கட்டும், அக்கா. நீங்கள் இனி அவள் குதிகாலிலிருந்து கையை எடுத்துவிடலாம்.